சசிதரனின் மனைவி கோமதி

கோமதி இறந்த செய்தியைச் சசிதரன்தான் அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னார். "சேச்சி, கோமதி போயி. நீங்க ஒண்ணு வரணும். அவளோட ஆளுங்க வந்திட்டுண்டு." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நம் அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த, இதைப் படிக்கும் உங்களுக்கு, தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து மாற்றல் வாங்கி அவள் திருவனந்தபுரம் வந்த நாள் நினைவிருக்கும். கையில் கட்டு. மாடிப்படியில் விழுந்தேன் என்றாள். அது புருஷன் முறித்த கை என்று பிறகுதான் என்னிடம் சொன்னாள். அண்ணனிடம் போய் நின்றதற்கு, "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று திருப்பி அனுப்பினாராம். இந்தப் பழமொழியை உண்டாக்கியவன் ஒருநாளும் அடி வாங்கியிருக்க மாட்டான்.

விவாகரத்து கிடைத்ததும் கரமனையில் ஒரு வீடு பிடித்தாள். சுவருக்குப் பெயிண்ட் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். கடைக்காரர் சசிதரன், "என்ன நிறம் வேணும்?" என்று கேட்டார். பதில் தெரியாமல் நின்றாளாம். "எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்லக்கா" என்றாள். மஞ்சள் என்று முடிவு செய்வதற்குள் பலமுறை அந்தக் கடைக்குப் போய்விட்டாள். பெயிண்டுக்காக மட்டும் போகவில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

பதிவுத் திருமணத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அழைத்தும் வராமல், காப்பி நேரத்தில் மட்டும் அந்தக் கல்யாணத்தை மென்றவர்களும் இதைப் படிப்பீர்கள். நன்றாகப் படியுங்கள்.

அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அதன் பிறகுதான் தெரிந்தது. சத்தமாகச் சிரிக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் புகார். "அடி வாங்கினப்ப ஒருத்தருக்கும் காது கேக்கல. சிரிச்சா மட்டும் கேக்குதாக்கா?" என்றாள்.

நான் போனபோது அந்த மஞ்சள் சுவருக்குக் கீழே அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நின்றவன் முதல் புருஷன். அண்ணன் கூட்டி வந்திருந்தார். "தாலி கட்டினவர் இவர்தானம்மா. அவ சுமங்கலியாப் போக வேண்டாமா?" என்றார். அவள் புருஷன் உயிரோடு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். சொந்த வீட்டிலேயே அவரை ஓரம் கட்டியிருந்தார்கள்.

சண்டை போடச் சொன்னேன். சசிதரன் மறுத்துத் தலையாட்டினார். "நான் வாய்க்கரிசி போடாட்டியும் பரவாயில்ல, சேச்சி. அந்தாளோட கை மட்டும் அவ மேல பட வேண்டா."

உள்ளே போய் அண்ணன் கையிலிருந்த அரிசிக் கிண்ணத்தைப் பிடுங்கினேன். "நீங்க யாரு?" என்றார். "கை ஒடிஞ்சு வந்தவளுக்குச் சோறு ஊட்டினவ" என்றேன். கிண்ணத்தைச் சசிதரனிடம் கொடுத்தேன். தாலி கட்டியவன் தெருவில் இறங்கிப் போய்விட்டான். சசிதரன் வாய்க்கரிசி போட்டார். அதற்கே அவர் எனக்கு நன்றி சொன்னார். சொந்த மனைவிக்கு அரிசி போட ஒரு மனிதன் இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் தன்னைச் சொல்லிக்கொண்ட விதத்தை. காய்கறி வாங்கும் இடத்தில்கூட, யாரும் கேட்காமலே, "நான் சசிதரன் வீட்டுக்காரி" என்பாள். இனி கோமதி யாரென்று யார் கேட்டாலும், சசிதரன் வீட்டுக்காரி என்றுதான் நானும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.