வீட்டோடு விற்பனைக்கு

நிலத்தரகு என்பது தனக்குச் சொந்தமில்லாத கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்று அடுத்தவரை வரவேற்கும் தொழில். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டித் தேயும் சக தரகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாவி கைக்கு வந்தது

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, ஏரியை ஒட்டி, மாந்தோப்போடு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று. குத்தகை விவசாயிகளுக்காக அதன் வாசலில் கொடி பிடித்து 'ஒழிக' போட்டவன் நான். அதில் இன்றும் எனக்குப் பெருமைதான். உள்ளே மட்டும் போனதில்லை. பிற்பாடு அதை வாங்கி, இடிந்து கிடந்ததைத் தூண் தூணாக நிமிர்த்தியவர் டாக்டரம்மா ஸ்டெல்லா. இப்போது அவருக்கு மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மகளிடம் போகிறார்.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தேக்கு உத்தரங்கள். சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பில் என் முகமே தெரிந்தது. நான் படித்த கட்சிப் பிரசுரங்கள் எதிலும் இதற்கு ஒரு வரி இல்லை. டாக்டரம்மா சொன்னார்: "மழைக்குள்ள வீட்டோட வாங்க ஆள் பாருங்கண்ணா. கிடைக்கலன்னா மனை போடுறவங்களுக்குக் குடுத்துடுவேன். இன்னொரு மழைக்கு என்னால இதைக் காப்பாத்த முடியாது."

வீடு காட்டினேனா, கூட்டம் போட்டேனா

முதலில் வந்தவர்கள் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் பாடம் நடத்தும் கணவன் மனைவி. வீட்டின் அருமை புரியட்டும் என்று, கல் சுமந்த தோள்களையும் சுண்ணாம்பு அரைத்த பெண்களின் வெந்த கைகளையும் பற்றி ஆவேசமாகப் பேசினேன். கணவர் கண் கலங்கினார். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டார். "வீடு சூப்பர் சார். ஆனா நீங்க சொன்னதைக் கேட்டப்புறம் இங்க படுத்தா எங்களுக்குத் தூக்கம் வராது."

பழைய தோழர்

அடுத்து வந்த வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர், அன்று என்னோடு அதே வாசலில் நின்று முழங்கியவர். இன்று மனை போட்டு விற்கிறார். கொள்கை அவரைக் காரில் ஏற்றியது. என்னை ஸ்கூட்டரில் விட்டது. கூரையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரோடு எங்கே போடலாம் என்று தோப்பைக் காலால் அளந்துவிட்டு வந்தார். "இன்னா தோழரே, சுவத்தையே பாத்துகினு கீறே? ஜேசிபிக்கு இது ஒரு காலை வேலை."

மரக்கடை பாய்

மேகம் கூடிவிட்டது. தாம்பரத்தில் மரக்கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் மனைவியோடு வந்தபோது, பழைய தேக்குக்காகக் கூரையைப் பிரிக்க வந்தவர் என்றே நினைத்தேன். ஏணி கேட்டு ஏறினார். உத்தரத்தை விரல் மடக்கித் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், அடுத்ததற்கு நகர்ந்தார். நான் பேச வாயெடுத்தேன். "சும்மா இருங்கண்ணே, அவர் நிக்காஹ் அன்னிக்கே இவ்வளவு அமைதியா இருக்கல" என்றார் மனைவி.

இறங்கி வந்தவர் தூசி படிந்த கைகளைத் தட்டாமலே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். "மரத்தைப் பிரிச்சு எடுத்துட்டுப் போகத்தான் வந்தேண்ணே. இதுமேல இனி யாரும் கை வைக்கக் கூடாதுன்னா, வீட்டையே நான் வாங்கணும் போலிருக்கே."

நிலத்தைப் பிரித்துக் கொடு என்று தொண்டை கட்டக் கத்தியவன், ஒரு நிலம் பிரியாமல் போன சந்தோஷத்தில், பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.