குறுக்கே ஓடிய பெயர்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "பூட்டுச் சாவி வேலை" என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் கேட்டவர் கொட்டாவி விடுவார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெரிய கம்பெனிகள் தங்களுக்கு வேண்டிய உதிரிபாகங்களின் டிராயிங்கை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதைச் சுற்றுவட்டார லேத் பட்டறைகளுக்குக் கொடுத்துச் செய்து வாங்குவோம். அந்த டிராயிங் கண்ட கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முன்பு காகிதத்தில் சிவப்பு முத்திரை குத்தினால் வேலை முடிந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் கோப்பு. ஒரு பட்டறையில் ஓர் ஆளுக்கு மட்டும் உரிமம். அவர் கடவுச்சொல்லைப் போட்டால் திரையில் திறக்கும். பிரிண்ட் எடுக்க முடியாது, சேமித்து வைக்க முடியாது, இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. போதாததற்கு, திறந்தவரின் பெயரும் பட்டறையின் எண்ணும் பக்கத்தின் குறுக்கே சாய்வாக, சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பு வெளியே போனால் யார் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு.

ரகசியம் எனக்குப் புதிதில்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எங்கள் பிளாக்கில் மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், சேலத்துக்காரர் எல்லாரும் உண்டு. "இன்னிக்கு எந்த ஷிஃப்ட்?" என்று கேட்பார்களே தவிர, "உள்ளே என்ன செய்றீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா சோற்றுக்கு உட்கார்ந்தால் மேலதிகாரியைத் திட்டுவார், கேன்டீன் சாம்பாரைத் திட்டுவார். அன்று செய்த பொருளின் பெயர் மட்டும் வாயிலிருந்து வராது. அந்த வளர்ப்போ என்னவோ, டிராயிங்கை வெளியே விடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வரும்.

அப்படியொரு கோபத்தோடுதான் போன வருடம் ஒருநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அண்ணனூருக்குப் போனேன். காலையில் பெரிய கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. அவர்களுடைய டிராயிங் ஒன்றின் புகைப்படம், கூலிக்கு ஜாப் ஒர்க் செய்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். யாரோ கம்ப்யூட்டர் திரையை அப்படியே செல்போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கோப்பை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் எதிரே நிற்கிற கேமராவை என்ன செய்ய? படத்தின் குறுக்கே எங்கள் பட்டறை ஒன்றின் எண்ணும் ஒரு பெண்ணின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. கீழ் மூலையில் வரிசையாக மெரூன் நிறத்தில் வட்ட வட்டக் கறை. ஏதோ கேமராக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு கணவன் மனைவி நடத்தும் பட்டறை. அவர் லேத் ஓட்டுவார். கம்ப்யூட்டர், பில், டிராயிங் எல்லாம் அவள். உரிமமும் அவள் பெயரில்தான். கள்ளிக்குப்பத்துப் பெண்; கம்ப்யூட்டர் வகுப்புக்குத் தானாகவே போய்ச் சேர்ந்து கற்றுக்கொண்டவள். அந்தப் பட்டறையில் ஓடுவது முழுக்க எங்கள் வேலை. உரிமம் போனால் டிராயிங் கிடையாது. டிராயிங் கிடையாது என்றால் லேத் சும்மா நிற்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வாங்கக்கா, வாங்க. இன்னா, சொல்லாம கொள்ளாம?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

நான் உட்காரவில்லை. செல்போனிலிருந்த படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதை யார் எடுத்தது?"

"நான்தாங்க்கா."

ஒரு பொய்யாவது சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு நாலு வாங்கு வாங்கலாம் என்று தயாராகப் போயிருந்தேன். பட்டென்று ஒத்துக்கொண்டவளை என்ன செய்வது?

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாருக்கும் காட்டக் கூடாதுன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க!"

"காட்டாம எப்டிக்கா? நாங்க கடைஞ்சி குடுத்தா ஆச்சா? கிரைண்டிங் வேற ஒருத்தரு பண்றாரு. அவருக்கு அளவு வேணாமா? வாயால சொன்னா மறந்துட்டு பீஸையே கெடுத்துடுவாரு. அதான் போட்டோ புடிச்சி அவருக்கு மட்டும் அனுப்புனேன். அவருகிட்ட வேல ஜாஸ்தி ஆயி, யாராச்சும் செஞ்சி தர்றீங்களான்னு குரூப்புல போட்டுகிறாரு."

எங்கள் பேட்டையில் காலம் காலமாக இதுதான் நடைமுறை. ஒரு பாகம் ஒரே கூரையின் கீழ் முழுசாவதில்லை. ஒருவர் கடைவார், ஒருவர் மெருகாகத் தேய்ப்பார், ஒருவர் சூடேற்றிக் கெட்டியாக்குவார், ஒருவர் முலாம் பூசுவார். பாகம் போகிற இடத்துக்கெல்லாம் அளவும் கூடவே போயாக வேண்டும். உரிமத்தை எழுதியவர் மனதிலோ ஓர் ஆள், ஒரு மேஜை, ஒரு திரை. தாலி கட்டியவன் தவிர வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்கிற மாதிரி ஒரு சட்டம். அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஓர் ஆணி கூடச் செய்ய முடியாது.

"அப்டியே ஒண்ணும் அனுப்பலக்கா" என்று என் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தாள். திரையின் ஓரச் சட்டத்தில் வரிசையாக மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள், பெரிய சைஸ். "கம்பெனி பேரு, பார்ட் நம்பரு, இது எந்த மிசினுக்குப் போவுதுன்னு எழுதிகிறது, அது மேலல்லாம் பொட்ட ஒட்டிட்டுத்தான் போட்டோ எடுப்பேன். கிரைண்டிங்காரருக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு? அவருக்கு அந்த ஒரு அளவு போதும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது. "அடுத்தவன் பேரை அவ்வளவு அக்கறையா மறைச்சீங்களே, குறுக்கே உங்க பேர் ஓடுதே, அதை ஏம்மா விட்டீங்க?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது எம் பேருக்கா. அத எதுக்கு மறைக்கணும்? நாளிக்கு அளவுல ஏதாச்சும் தப்பு வந்தா யாரு குடுத்ததுன்னு தெரிய வேணாமா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். திருடினால் மாட்டிக்கொள்வாய் என்று பயமுறுத்துவதற்காகப் போட்ட பெயர் அது. அவள் அதைத் தன் கையெழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் யார் மேலும் நம்பிக்கை இல்லாமல் செய்து வைத்த ஏற்பாட்டில், அவள் பாட்டுக்குப் பொறுப்பைப் பார்த்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, யாருக்காக என்று சொல்லத் தெரியவில்லை.

பெரிய கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கம்பெனியின் பெயரையும் பாகத்தின் எண்ணையும் அவள் மறைத்ததை எழுதினேன். கிரைண்டிங், முலாம் பட்டறைகளுக்கும் தனித்தனி உரிமம் கொடுத்தால் இந்தத் தொல்லையே வராது என்றும் எழுதினேன். என் மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா படத்துல இருக்கிறது அம்போட பேராச்சே, மேடம்" என்றார்.

பெரிய கம்பெனியின் பதில் சுருக்கமாக வந்தது. உரிமத்தை உடனே ரத்து செய்யவும். அந்தப் பெண் மறுநாள் தன் செல்போனோடு விசாரணைக்கு நேரில் வர வேண்டும்; அதை அவளுக்கும் தனியாக மெயிலில் சொல்லியாயிற்று. நான் எழுதிய யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரத்து செய்கிற பொத்தான் என் திரையில்தான் இருக்கிறது. நான் அழுத்தாவிட்டால் இன்னொருவர் அழுத்துவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது.

"அக்கா, டிராயிங் தொறக்க மாட்டேங்குது."

"தெரியும்மா. நான்தான் மூடினேன்."

எப்போது அவள் பேசினாலும் பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்கும். அன்று அது கேட்கவில்லை.

"சரிக்கா. இப்ப ஓடுற ஆர்டர்ல வெளிப்பக்கம் எல்லா பீஸும் முடிச்சிட்டோம். உள் துளை மட்டும் பாக்கி கீது. ஆள அனுப்புங்க, அப்டியே குடுத்தனுப்பிடறேன்."

அவர்கள் வேலை செய்கிற முறை அப்படி. முதலில் எல்லாப் பாகத்துக்கும் வெளிப்பக்கம் கடைந்து முடிப்பார்கள். பிறகு உளியை மாற்றி எல்லாவற்றுக்கும் துளை. துளையின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் அந்த நேரத்தில்தான் டிராயிங்கைத் திறந்து பார்ப்பார்கள். அந்த ஓர் அளவு கிடைத்தால் கையிலிருக்கும் வேலையாவது முழுசாகும். கிடைக்காவிட்டால் இரண்டு பேரும் இத்தனை நாள் நின்று செய்ததற்கு அர்த்தமே இல்லை.

நான் அந்த டிராயிங்கை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். அளவு கண்ணெதிரே இருந்தது. யோசிக்கவில்லை. இத்தனை வருட வேலையில் முதல் தடவையாக யோசிக்கவில்லை.

"பேப்பர் பேனா எடு" என்றேன். அவளை ஒருமையில் கூப்பிட்டதும் அப்போதுதான். "நான் சொல்றேன், எழுதிக்கோ."

"அய்யோ வேணாங்க்கா, சொல்லாதீங்க!" கத்தியே விட்டாள். "இந்த போன்ல பேசுறதெல்லாம் தானா ரெக்கார்டு ஆவும். நாளிக்கு இதத்தான் கொண்டாந்து காட்டச் சொல்லிகிறாங்க."

"அழிச்சிடேன்."

"அழிச்சா ஏன் அழிச்சேன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. உங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. நான் வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அவள் பிழைப்பே போன நாள் அது, என் கையால் போன நாள். அந்த நாளில் அவள் பயந்தது என் வேலைக்காக. பக்கத்து மேஜைகளில் எல்லாரும் வேலை செய்துகொண்டிருக்க, நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.