சிவப்புப் பள்ளிக்குப் போன வெள்ளிக்கிழமை

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. பஸ் காசும் சொற்பம்தான். இதையும் பயணம் என்று எழுதுகிறீரா என்று கேட்பீர்கள். கொழும்பிலேயே பிறந்த நான் அங்குள்ள சிவப்புப் பள்ளிவாசலின் படியைப் போன வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக மிதித்தேன்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன் பிரதான வீதியில் இறங்கி, மூட்டை சுமக்கும் நாட்டாமிகளின் கைவண்டிகளுக்கிடையே இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். பள்ளிவாசல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, கட்டம், சுருள்; உச்சியில் மாதுளம்பழம் மாதிரிக் குவிமாடங்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் குவிமாடம் இதைவிடப் பெரிது என்று உடனே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பெரிதுதான். ஆனாலும் வயிறு எரிந்தது.

வரச்சொன்னவர் ரமீஸ் நானா, கொட்டாஞ்சேனையில் என் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருப்பவர். என் மனைவி மேரி இறந்து எட்டு மாதம். கோயில் வாங்கில், அந்த நீள மர இருக்கையில், என் பக்கத்தில் அவள் இடம் காலி. எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள். இனி ஞாயிறுப் பூசைக்கே போவதில்லை என்று ரமீஸ் நானாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

உள்ளே கைகால் கழுவும் தொட்டி. கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுப் பழகிய கை. விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். நாலைந்து பேர் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"மொகத்தையும் கழுவுங்க ஜோசப், வெயில் கூட" என்றார் ரமீஸ் நானா.

தொழுபவர்களுக்குப் பின்னால் எனக்கு உட்கார ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்கள். முதலாளியும் நாட்டாமியும் தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நின்றார்கள். தொழுகையின் நடுவில் ஒருவர் இருமல் தாங்காமல் வெளியே போனார். பின்வரிசையில் நின்றவர் ஓர் அடி முன்னே வைத்து அந்த இடத்தில் நின்றுகொண்டார். யாரும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. குவிமாடத்தைக் கண்டு வந்தது ஒரு பொறாமையா? இதுதான் பொறாமை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டேன்: "முன்னுக்கு வந்து நிண்டவர், போனவருக்குச் சொந்தமோ?"

"யாரெண்டு எனக்கும் தெரியா. முன்னுக்கு எடம் காலியா ஈந்தா பின்னுக்கு நிக்கிறவர் போய் நெரப்போணும்."

"எங்கட வாங்குக்கு அப்பிடி ஒருத்தரும் வாறேல்ல."

"ஒங்கட வாங்கு எங்க ஈக்கி?"

"ஆகக் கடைசி."

அவர் பலூடா வாங்கித் தந்து பஸ் ஏற்றிவிட்டார்.

ஞாயிறு கோயிலுக்குப் போனேன். எங்கள் வாங்கைத் தாண்டி நடந்தேன். முன் வாங்கில் ஒரு கிழவர், பக்கத்தில் கைத்தடியைக் கிடத்திவிட்டுத் தனியே இருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்கோ."

மனுசன் என்னை முறைத்தார். பிறகு கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.