பட்டியலில் விடுபட்டவள்

தெருவுக்கு ஒருவர் வெள்ள எச்சரிக்கைத் தொண்டராக வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தையற்காரி நம்பியிருந்தாள். இருபது வருடமாக அந்தத் தெருவில் அவள் அளவெடுக்காத ஆளில்லை. அதிகாரி வந்து கேட்டபோது, "யாரை வேணா போடுங்க, எனக்கென்ன" என்று சும்மா ஒரு பிகு பண்ணினாள். யாரும் வற்புறுத்தவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி கையைத் தூக்கிவிட்டாள்.

கல்யாணமாகி வந்து மூன்றே வருடமான அவளுக்கு ஆரஞ்சு நிறக் கோட்டும் ஒலிபெருக்கியும் கிடைத்தன. கோட்டு தோளில் தொளதொளத்தது. பிடித்துத் தரச்சொல்லி ஓரகத்தியிடமே நீட்டினாள். தையற்காரி வயிறெரிந்துகொண்டே தைத்துக் கொடுத்தாள்.

"அக்கா, நடக்க முடியாதவங்க பேரெல்லாம் எழுதணும். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

"கோட்டு உனக்குத்தானே குடுத்தாங்க? நீயே கண்டுபிடி."

சின்னவள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு பேரைச் சேர்த்தாள். கடிகாரக் கடைக்காரரின் தங்கை அதில் இல்லை. பின்பக்க அறையில் படுத்த படுக்கையாக இருப்பவள். அண்ணன் அவளைப் பற்றி வெளியே பேசுவதில்லை; படுத்திருப்பவளுக்கு அளவெடுக்கப் போகும் தையற்காரிக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கட்டுமே என்று ஓர் அற்ப ஆசை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அணையைத் திறந்தார்கள். சின்னவளின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. முக்கால் மணி நேரத்தில் தெருவே பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டது.

"பதினோரு பேரும் வந்தாச்சு!" என்றாள் சின்னவள். எல்லோரும் கைதட்டினார்கள்.

தையற்காரி கைதட்டாமல் கடிகாரக் கடைக்காரரைத் தேடினாள். காலையிலேயே வெளியூர் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், நில்லுடி... இன்னொருத்தி இருக்கா. கடிகாரக்காரர் தங்கச்சி. பின்னாடி ரூம்ல."

சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் படியிறங்கிவிட்டாள். பெரியவளும் பின்னாலேயே ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

பிறகு நடந்த கூட்டத்தில் அதிகாரி சின்னவளைத்தான் புகழ்ந்தார். "அக்கா சொல்லலேன்னா ஒரு உயிர் போயிருக்கும் சார்" என்றாள் அவள், மைக்கிலேயே. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று வீட்டில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் தையற்காரிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டு நாள் பொருமினாள். மூன்றாம் நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "நோட்டை எடுத்துட்டு வா, சொல்றேன்" என்றாள்.

கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். காது கேட்காதவர், நிறைமாதக்காரி, கண் மங்கியவர்... இன்னும் எட்டுப் பேர் தேறினார்கள். சின்னவள் குனிந்தபடி எழுதிக்கொண்டே வந்தாள். அவளுடைய கையெழுத்து வேறு முத்து முத்தாக இருந்து தொலைத்தது.