செத்த சிப்பி தேடிய நாட்கள்

ஒல்லாந்தர் கோட்டைக்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வேண்டும், கிளிஞ்சலுக்கு என்னைப் போல ஒரு மடையன் வேண்டும். குனிந்தே பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மேஸ்திரி வைத்த கெடு

கிளிஞ்சல் என்று பழவேற்காட்டு ஏரியில் சேற்றுக்கடியில் கிடக்கும் செத்த சிப்பியைத்தான் தோண்டுவோம். எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்துக்கு எதிரே இருந்த உயிருள்ள சிப்பிப் படுகையில் கை வைப்பதில்லை. அதன் இடுக்குகளில் ஒதுங்கும் இறாலையும் நண்டையும் கையால் தடவிப் பிடித்துத்தான் எங்கள் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். ஒரு வருஷம் தோண்டத் தோண்டச் சேறுதான் வந்தது. கோட்டை மேஸ்திரி கரையில் நின்றபடியே சொன்னார்: "மழைக்கு முந்தி கிளிஞ்சல் வரலைன்னா அந்தப் படுகையையே வாரிடு. சிப்பில செத்தது இன்னா, உயிரோட இருக்கறது இன்னா?"

மூடிய வாய்

பயத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டினோம். என் மனைவி முனியம்மாவுக்கு வாய் இறுக மூடிய ஒரு சிப்பி அகப்பட்டது. கறி இருக்குமென்று நெம்பினாள், உள்ளே மண். செத்த சிப்பி வாயைப் பிளந்துவிடும், ஓடுகள் தனித்தனியே போய்விடும். இது என்றோ ஒரு வெள்ளத்தில் உயிரோடு புதைந்தது. அதைக் கூடையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. "பாவம்யா, வாயத் தொறக்கறதுக்குள்ள மண்ணு மூடிக்கிச்சு."

திருப்பாலைவனத்துக் குடித்தனம்

ஏரியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் திருப்பாலைவனத்தில் ஒரு விவசாயி கிணறு வெட்டியதில் சிப்பி வந்ததாகக் கேள்விப்பட்டு ஓடினேன். "எவன்டா என் நெலத்துல இத்த கொட்டினது?" என்று அவர் என்மேலேயே பாய்ந்தார்.

குழியில் இறங்கினேன். சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, வாய் மேலாக, வளர்ந்த கோலத்திலேயே நின்றன. கொட்டியவை அப்படியா நிற்கும்? ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் இதுவரை இருந்திருக்கிறது, இவை இங்கேயே பிறந்தவை என்றேன். நெல்வயல் நடுவே நின்று இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ எனக்கு முந்தி உங்க ஆளுங்கதான் இங்க குடியிருந்தாங்களா? சரி, கூட்டிக்கினு போ!"

காலால் பார்த்தவள்

வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாயில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மழையும் வந்தது. படுகை தப்பியது என்று சொன்னதை முனியம்மா நம்பவில்லை. தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினாள். உயிருள்ள சிப்பியின் விளிம்பு கத்திபோல் இருக்கும். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அன்று தண்ணீரில் நின்று கத்திய அந்தக் குரலுக்கு இன்றும் ஏங்குகிறேன். "அறுக்குதுய்யா! நல்லா அறுக்குது!"

என்றோ கடல் விட்டுப்போன வீட்டை அந்த விவசாயிக்குக் காலி செய்து கொடுத்ததில், எனக்கு மிஞ்சியது இந்தக் கூன் முதுகு ஒன்றுதான்.