நம்பர் போட்ட மரங்கள்

போன வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. திங்கட்கிழமை ஏற்காட்டிலிருந்து கடிதம். எழுதியவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ஒரே வரி: ‘அணிலம்மா மரங்களை வெட்டுகிறார்கள்.’
2. செவ்வாய் காலை, சேலத்தில் முதல் பஸ்.
3. தோட்டத்தில் பதினேழு மரங்களில் ஐந்து தரையில் கிடந்தன.
4. வெட்டச் சொன்னது யார் என்று விசாரித்தேன். நான்தான் என்றார்கள்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

அணிலம்மா என்பது எஸ்தர் அக்கா. மலை அணிலை ஆராய்வதற்கென்றே இந்த மலையில் பதினைந்து வருஷம் இருந்த விஞ்ஞானி. அவருக்கு முன்னால் இங்கே அதற்காக யாரும் நோட்டுப் புத்தகம் திறந்ததில்லை. டாக்டர் என்று கேள்விப்பட்டு, ஊசி போடச் சொல்லி ஆட்டை ஓட்டி வந்த கிளியூர்க்காரர்களும் உண்டு. அக்கா போன வருஷம் காலமானார்.

நான் சர்வே படித்தவள். அவரிடம் இரண்டு வருஷம் வேலை. நான் மேப் போடுவேன். அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வார். மூடுபனி வரும், போகும். திடீரென்று உச்சியில் ஓர் இலை நடுங்கும். செம்பழுப்பு வால் ஒன்று கிளைக்குக் கிளை ஒழுகிப் போகும்...

“தரைக்கு எறங்கவே எறங்காது கண்ணு. கெளைதான் அதுக்கு ரோடு” என்பார். பக்கத்தில் படுத்துப் பார்த்தால், நாம்தான் ஏதோ குளத்தின் அடியில் கிடப்பது போலிருக்கும்.

காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் அணில் கூடு இருந்த பதினேழுக்குச் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டது என் யோசனை. அவருக்குப் பிடிக்கவில்லை. “மரத்துக்கு எதுக்கு சாமி நெம்பரு? எனக்கு மூஞ்சி தெரியுதே.”

எனக்குத் தெரியவில்லையே. போட்டேன்.

பிறகு எஸ்டேட் கை மாறியது. நிழல் அதிகம் என்று நினைத்த புது முதலாளி, நம்பர் போட்ட மரங்களை எடுத்துவிடச் சொன்னார். யாரோ வெட்டுவதற்கென்றே குறித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

ஆறாம் மரத்தடியில், மரம் வெட்டும் மாரமங்கலத்து ராமசாமி கோடரியோடு நின்றார்.

“ஏனுங்க, இதை எதுக்குங்க வெட்டறீங்க?”

“நெம்பர் போட்டிருக்குதுங்களே. போட்டா வெட்டோணும்னுதானுங்க அர்த்தம்.”

“போட்டது நான்தானுங்க.”

“அப்ப வெட்டச் சொன்னதும் நீங்கதானுங்க அம்மிணி.”

குறி போட்டவர் போய்விடுகிறார், குறி நிற்கிறது. அதற்கு அர்த்தம் சொல்வது அடுத்து வருகிறவர் — இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கூட வந்திருந்த ரைட்டர் தன் ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே பேசினார். “உத்தரவுல நெம்பர் போட்ட மரம்னுதான் இருக்குதுங்க. நெம்பர் இல்லாத மரத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

ராமசாமி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோடரியைத் திருப்பிப் பிடித்து, நம்பர் இருந்த பட்டையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“மரத்துக்குச் சவரம் பண்ற வேலையும் நொம்ப நாளா பாக்கியா இருந்துச்சுங்க” என்றார்.

இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.

இப்போதைய நிலை இதுதான். பன்னிரண்டு மரங்கள் நிற்கின்றன. ஐந்து மரங்கள் இருந்த இடத்தில் வானம் தெரிகிறது. அணில்கள் அதன் ஓரம் வரை வந்து உட்கார்ந்து பார்க்கின்றன. வெள்ளிக்கிழமை நான் கிளம்பும் வரை ஒன்றுகூடத் தாண்டவில்லை.