கொய்யா மரத்தடியில் ஊற்றிய ஒயின்

காட்டூரில் எங்கள் பக்கத்து வீட்டு அமிர்தராஜ் அண்ணன் முப்பது வருஷம் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்து, பூசைக்கு அப்பமும் ஒயினும் எடுத்து வைத்தவர். அப்படிப்பட்டவர் தன் கொல்லைக் கொய்யா மரத்தைப் பார்த்தாலே சிலுவை போட்டுக்கொள்வார். பழத்தைத் தானும் தின்னமாட்டார், எங்களையும் தொட விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். காரணம் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அவருடைய தம்பி டோமினிக், பிரான்ஸில் போர்தோ பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். முந்நூறு வருஷத்துத் தோட்டமாம். பூச்சி விழுந்து கொடியெல்லாம் ஒருமுறை அழிந்து, மறுபடி நட்டு எழுப்பியது. ரெண்டாம் உலக யுத்த காலத்தில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாய்க்காரி ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தானே பழம் பறித்து, அந்த வருஷத்துச் சிவப்பு ஒயினை நிலவறையில் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டாள். பிள்ளைகள் வந்து இடிக்கட்டும் என்றாள். அவர்கள் வரவேயில்லை. அவள் செத்து வெகுகாலம் கழித்துச் சுவரை இடித்தவர்களில் டோமினிக்கும் ஒருவர். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள்.

லீவில் வந்தபோது அதை அண்ணனிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சிருங்கண்ணே. அடுத்த தடவ வரப்போ ரெண்டு பேரும் சேந்து குடிப்போம்."

திருச்சி வெயில் யாரை விட்டது? சித்திரையில் தக்கை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. அண்ணன் திறந்து பார்த்தார். அடியில் கறுப்பு வண்டல், நாக்கில் வைத்தால் துவர்ப்பு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தித்திப்பான பூசை ஒயின்தான். கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, கோயில் வழக்கப்படி சாக்கடையில் ஊற்றாமல், கால் படாத கொய்யா மரத்தடியில் ஊற்றினார். பழைய சிவப்பு ஒயின் அப்படித்தான் இருக்கும் என்று அடுத்த வாரம் பங்குச் சாமியார் பேச்சுவாக்கில் சொல்ல, அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. கோயில் அலமாரியிலிருந்து பூசை ஒயினைத் திருடி நிரப்பி, மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தார்.

டோமினிக் வந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாருக்குண்ணே" என்றார். திரும்பிப் போனவர் கொரோனாவில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். உடம்புகூட வரவில்லை.

அதற்கப்புறம்தான் அண்ணன் கண்ணுக்கு மட்டும் மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி உட்கார ஆரம்பித்தாள். பட்டப்பகலில், ஈர மண்ணைக் கையால் விலக்கி விலக்கித் தேடுவாளாம்.

"என்னதான் கேக்கறா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்க மாட்டேங்கறா. அதான் பயமா இருக்கு."

போன கல்லறைத் திருநாளுக்கு டோமினிக்கின் மகள் ஜென்சி வந்திருந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உங்கப்பன் ஏமாந்தே செத்தானாம்மா?" என்று அழுதார்.

"அப்பாவுக்கு முதல் வாய்லயே தெரிஞ்சிருச்சு பெரியப்பா. சின்ன வயசுல கோயில்ல திருடிக் குடிச்ச அதே ருசின்னு சொல்லிச் சிரிப்பாரு. அண்ணனே சொல்லட்டும்னுதான் ஞாயித்துக்கிழமை தவறாம உங்களுக்கு போன் பண்ணிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிலேருந்துகூட."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மழையையும் விலைவாசியையும் மட்டுமே பேசியிருந்தார்.

நேற்று சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. "கிழவி போயிட்டாளாண்ணே?"

"இல்ல. இப்ப பக்கத்துல டோமினிக்கும் உக்காந்திருக்கான்" என்றார். "அவனும் ஒண்ணும் கேக்க மாட்டேங்கறான்."